மூன்று கோலுக்குப் பிறகு

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் பாடம் எடுக்கிறேன். அந்தக் கல்லூரியின் காற்பந்து அணிக்கும் நான்தான் பொறுப்பாளராக இருந்தேன். ஒரு பொம்பளை எப்படி என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கேள்வி அது. விரிவுரையாளர் கூட்டத்தில் "யார் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது மற்ற எல்லாரும் குனிந்து கைப்பேசியை நோண்டினார்கள். நான் ஒருத்திதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள், ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியும். அது போதுமென்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் வருடமே பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய கல்லூரியிடம் பதினான்கு கோல் வாங்கினோம். பத்துக்குப் பிறகு அவர்களுடைய கோல்கீப்பரே ஏறி வந்து கோல் போடப் பார்த்தான். ஓரத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் வேனில் ஒரு பையன்கூட வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. ஒருவன் என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று வகுப்புக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வர ஆரம்பித்தான். என்ன தப்பு செய்தான் அவன், தோற்றதைத் தவிர?

அப்போது நான் ஒரு விதி போட்டேன். நாம் மூன்று கோல் முன்னால் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர்கள் வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் போட்டியில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அதற்குத் தடையில்லை. ஆரம்பத்தில் பையன்கள் முணுமுணுத்தார்கள். "மிஸ், இது என்ன மிஸ், கோயில் அன்னதானமா?" என்று ஒருவன் கேட்டான். ஆனால் அடி வாங்கியவர்கள் அல்லவா, சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். போகப் போக அது அவர்களுக்கே ஒரு பெருமையாகிவிட்டது. மூன்றாவது கோல் விழுந்ததும் கேப்டன் பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்குவான். சின்னப் பையன்கள் ஹோவென்று கத்திக்கொண்டு திடலுக்குள் ஓடுவார்கள். சாயங்காலத்தில் வேடிக்கை பார்க்க வரும் அங்கிள்கள், "மூணு ஆச்சா? இனி பொடியனுங்க ஆட்டம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படி ஆடியே நாங்கள் தேறினோம். பெஞ்சில் கிடந்தவர்களுக்கும் ஆட்டம் கிடைத்ததால் அடுத்த வருடம் அவர்களே முதல் அணியானார்கள். போன பருவத்தில் கிள்ளான் பக்கத்தில் எங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆடிய ஆட்டமெல்லாம் வெற்றி.

இங்கேதான் வினை. கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. எல்லாரும் எல்லாரோடும் ஆடி முடிக்கத் திடலும் கிடைக்காது, மழையும் விடாது. அதனால் அந்தந்தப் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். கடைசியில் நான்கு அணிகளை இறுதிச் சுற்றுக்கு எடுப்பார்கள். எடுப்பது யார்? புள்ளிகள் அல்ல, ஒரு தேர்வுக் குழு. ஆறேழு பேர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, பேசி முடிவெடுப்பார்கள். யாருக்கும் மனசு நோகக் கூடாதென்று ஓட்டெடுப்புகூடக் கிடையாது. "எல்லாரும் ஒத்துப்போனோம்" என்றுதான் ஒவ்வொரு முறையும் அறிவிப்பார்கள்.

அதே பருவத்தில் எங்கள் கல்லூரி இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மேடம், நாலுக்குள்ள வந்துட்டா டீம் இருக்கட்டும். வரலைன்னா அடுத்த செமஸ்டர்ல இருந்து அஞ்சு பேர் ஆடுற ஃபுட்சல் போதும், காற்பந்த நிறுத்திடலாம். ஆடுறதுக்கு பாடாங் வாடகைக்கு எடுக்கிறது, வேன் எடுக்கிறது, எல்லாம் தலைவலி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு எனக்குக் கோப்பிகூட வரவழைத்துக் கொடுத்தார். வெளியே வந்து பையன்களிடம் அப்படியே சொன்னேன். கேப்டன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மகனும் லோரியில் ஏறிவிடுவான் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பந்து இருந்ததால்தான் அவன் கல்லூரிக்கு வந்தான், வகுப்பிலும் உட்கார்ந்தான். அவனைப் போல இன்னும் பல பேர் இருந்தார்கள்.

ஒரு ஆட்டம் பாக்கியிருக்கும்போது தேர்வுக் குழு தற்காலிக வரிசையைச் சொல்வது வழக்கம். பொறுப்பாளர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடந்து, மாடி ஏறினேன். குழுத் தலைவர் பணி ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர். மெதுவாகப் பேசுவார், எல்லாரையும் உடன்பிறந்தவர்களாக்கிவிடுவார்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. சாப்டீங்களா?"

"சாப்ட்டாச்சு சார். நாங்க எத்தனாவது?"

"அவசரப்படாதீங்க லா. இப்போதைக்கு அஞ்சாவது."

"அஞ்சாவதா? நாங்க ஒரு மேட்ச்கூட தோக்கல சார். நாலாவதா இருக்கிற பெட்டாலிங் ஜெயா காலேஜ் தோத்திருக்காங்களே."

"அவங்க நல்ல டீம்கிட்ட தோத்தாங்க சிஸ்டர்."

"நாங்க எல்லார்கிட்டயும் ஜெயிச்சோமே சார்."

அவர் பொறுமையாகச் சிரித்தார். "ஜெயிச்சீங்க. யார் இல்லன்னா? ஆனா எப்படி ஜெயிச்சீங்கன்னு பாக்கணும்ல. மூணு, நாலு, அதுக்குமேல போகவே மாட்டேங்குது. சாலாக் செலாத்தான் டீம்கிட்ட ஒரு கோல் வாங்கியிருக்கீங்க. அவங்ககிட்ட யாராச்சும் கோல் வாங்குவாங்களா?"

அந்தக் கோல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து எங்கள் பக்கத்தோடு சேர்த்துவிட்டிருந்த சாலாக் செலாத்தான் கல்லூரிப் பையன்களில் பாதிப் பேர் கடைகளில் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள். பதினொரு பேர் சேர்ந்து வந்தாலே பெரிய விஷயம். நாங்கள் மூன்று போட்டோம், எங்கள் பொடியன்கள் இறங்கினார்கள், அவர்கள் ஒன்று போட்டார்கள். அந்த ஒரு கோலுக்கு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். கையுறைக்கு வழியில்லாமல் இரும்புக் கடையில் விற்கும் ரப்பர் கையுறையைப் போட்டிருந்த அவர்களுடைய கோல்கீப்பர், திடல் முழுக்க ஓடிவந்து அந்தக் குவியலில் விழுந்தான். குண்டுப் பையன். ஆட்டம் முடிந்ததும் எனக்குக் கைகொடுத்து, "தேங்க்ஸ் மிஸ், இந்த வருசம் எங்களுக்கு இதான் முதல் கோல்" என்றான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இங்கே எங்கள் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று கோல் விதியை விளக்கிச் சொன்னேன். எதிரே இலையை மடித்துக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர், "அது உங்க நல்ல மனசு மேடம். ஆனா ஸ்கோர்ல நல்ல மனசு தெரியாதுல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்க யாராச்சும் கிள்ளானுக்கு வந்து ஒரு ஆட்டமாவது பாத்தீங்களா?"

"கிள்ளான் தூரம் சிஸ்டர். ஜாம் வேற."

"ஒரே ரயில் சார். நான் அதுலதான் வந்தேன்."

மோர் வந்தது, குடித்தார்கள். நான் எழுந்து படி இறங்கும்போது தலைவர் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடைசி ஆட்டம் திரும்பவும் சாலாக் செலாத்தான்கூடதானே? பெருசா அடிச்சிட்டு வாங்க சிஸ்டர். மத்தத நான் பேசிக்கிறேன்" என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். நான்கு அணிகளை எடுப்பதில் அப்படி என்ன பெரிய வித்தை? ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் வந்தவனை எடு. மீதி இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அவர்களை ஒரு சாயங்காலம் திடலில் இறக்கிவிடு, அவர்களே முடித்துக்கொள்வார்கள். தோற்றவனும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான், தோற்றோம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பார்க்காத ஆட்டத்தைப் பற்றி, வராத ஊரைப் பற்றி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே 'இவன் பலமானவன் போலத் தெரிகிறான்' என்று சொல்வது என்ன நியாயம்? போலத் தெரிவதற்குத்தான் இடம் என்றால் பந்தை எதற்கு உதைக்கிறோம்? இதையெல்லாம் மாடியில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் நல்ல பதில் ரயிலில்தான் வரும்.

பயிற்சியின்போது பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மறைக்க எனக்குத் தெரியாது. ஐந்தாவது என்றேன், காரணத்தையும் சொன்னேன், படிக்கட்டில் கேட்டதையும் சொன்னேன்.

"அப்போ நாம நிறுத்தினதாலதான் நம்ம டீம நிறுத்தப் போறாங்களா மிஸ்?" என்று கேப்டன் கேட்டான்.

"எனக்கு என்னடா தெரியும்? கூறு கெட்டவனுங்க" என்றேன். ஒரு விரிவுரையாளர் மாணவர்கள் முன்னால் பேசக்கூடிய வார்த்தை இல்லைதான். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசி ஆட்டத்தன்று மத்தியானம் மழை பெய்து திடல் சொதசொதவென்று கிடந்தது. சாலாக் செலாத்தான் பையன்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். சரியாகப் பதினொரு பேர், மாற்று ஆள் இல்லை. ஒருவன் கடைச் சீருடைக்கு மேலேயே ஜெர்சியை மாட்டிக்கொண்டிருந்தான். அதே குண்டு கோல்கீப்பர், அதே ரப்பர் கையுறை. என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "மிஸ்! இன்னிக்கும் ஒன்னு போடுவோம், பாருங்க!" என்று கத்தினான்.

மூன்றாவது கோல் சீக்கிரமே விழுந்துவிட்டது. நான் பெஞ்சின் பக்கம் திரும்பி, "எறங்குங்கடா" என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. திடலைப் பார்த்தேன். கேப்டன் கையைத் தூக்கவில்லை. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை, பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான்.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல!"

பெஞ்சில் இருந்ததிலேயே சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "வேணாம் மிஸ். நாங்க எறங்கினா கோல் விழாது. அவங்களே ஆடட்டும்."

அந்தப் பையன் வருடம் பூராவும் அந்த ஒரு கைத்தூக்கலுக்காகக் காத்துக் கிடப்பவன். அவனே வேண்டாம் என்கிறான். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருந்தால் அணியை மூடிவிட்டு, 'இவர் நல்லவர்' என்று எனக்கு மாலை போட்டிருப்பார்களா?

ஐந்தாவது வரைக்கும் அந்தக் கோல்கீப்பர் தன் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். "மார்க் பண்ணுங்கடா, டேய், ஆள விடாத!" அதற்குப் பிறகு கத்துவதை விட்டுவிட்டான். ஏழாவதுக்குப் பிறகு பாய்வதையும் விட்டுவிட்டான். பந்து வலைக்குள் போகும், அவனே போய் எடுத்து, எங்கள் பையன்களிடம் கையில் கொடுப்பான். ஒரு கோலுக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. சுங்கை வே தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்கு நிற்பவர்களைப் போல ஓடினார்கள், அடித்தார்கள், திரும்பி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த அங்கிள்களில் ஒருவர், "என்ன மேடம் இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் பாதியிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டாவது கோலைக் கேப்டன்தான் போட்டான். கோல்கீப்பர் அசையாமல் நின்றான். இவன் அவனைத் தாண்டி நடந்தே போய் உள்ளே தட்டிவிட்டான்.

விசில் ஊதியதும் அந்தப் பையன் கையுறையைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தான். இந்த முறை எனக்குக் கைகொடுக்க வரவில்லை. எங்கள் பையன்கள் என் முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறினார்கள். பன்னிரண்டு கோலில் ஜெயித்த வேனும், பதினான்கு கோலில் தோற்ற வேனைப் போலவே சத்தமில்லாமல் போனது.

இறுதி முடிவைக் கேட்க மறுபடியும் அதே மாடிக்குப் போனேன். தலைவர் என்னைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"அன்னிக்கு நடந்தது நல்லாவே இல்ல சிஸ்டர். பன்னெண்டு கோலா? பாவம் அந்தப் பிள்ளைங்க. யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்காங்க, அந்த கீப்பர் நிக்கிற நிலைய எங்களால பாக்க முடியல. விளையாட்டுன்னா பண்புன்னு ஒன்னு இருக்குல்ல? எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்."

"நீங்கதானே சார் படிக்கட்டுல நின்னு பெருசா அடிங்கன்னு சொன்னீங்க?"

"பெருசான்னா சிஸ்டர், நாலு, அஞ்சு, மிஞ்சிப்போனா ஆறு. அதுதான் பெருசு. இது அதிகம் லா."

"எத்தனையில நிறுத்தணும்னு எங்களுக்குத் தெரியும் சார்! மூணுல! வருசக்கணக்கா மூணுல நிறுத்தினோம்! அது பத்தலன்னு சொன்னது யாரு?" கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "அன்னிக்கு நல்ல மனசு தெரியலன்னு சிரிச்சீங்க. இன்னிக்கு அதே மனசு இல்லன்னு தள்ளுறீங்க. நீங்கெல்லாம் மனுசங்கதானா சார்?"

"எமோஷன் ஆகாதீங்க சிஸ்டர். எல்லாரும் ஒத்துப்போனோம். அடுத்த வருசம் பாப்போம்" என்றார். நாலாவது இடம் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனது. யாரோ எனக்கு முன்னால் ஒரு கிளாஸ் மோரை நகர்த்தி வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

அடுத்த வருடம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செமஸ்டர் திறந்ததும் கேப்டன் ஒருநாள் என் அறைக்கு வந்தான். எல்லாருடைய ஜெர்சிகளையும் துவைத்து மடித்து இரண்டு பெரிய பைகளில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டதாகவும், அப்பாவோடு லோரியில் போவதாகவும் சொன்னான். கதவு வரை போனவன் திரும்பி, "மிஸ், நான் அன்னிக்குக் கைய தூக்கியிருக்கணும்" என்றான்.

"போடா, உன்மேல என்னடா தப்பு" என்றேன். அவன் கேட்டானா என்று தெரியவில்லை. அந்தப் பைகள் இன்னும் என் அலமாரிக்குப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. யாரிடம் கொடுப்பது?

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு கல்யாணத்துக்காகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். திரும்பும் வழியில் ரயிலுக்கு முன்னால் வீட்டுச் சாமான் வாங்கலாமென்று ஒரு பேரங்காடிக்குள் நுழைந்தேன். கவுண்டரில் சீருடையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த பையன் என் பருப்பையும் எண்ணெயையும் மெஷினில் காட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ், நீங்க கிள்ளான் டீம் மிஸ்தானே? நான்தான் மிஸ், சாலாக் செலாத்தான் கோல்கீப்பர்."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. "எப்படிப்பா இருக்க? ஆடுறியா?" என்று கேட்டு வைத்தேன்.

"இல்ல மிஸ். அந்த மேட்சுக்கு அப்புறம் யாரும் வரல. டீமே இல்ல இப்ப." அவன் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். சோப்பை எடுத்து மெஷினில் காட்டினான். "ஆனா உங்கள எடுத்திருப்பாங்கல்ல மிஸ்? அன்னிக்கு ரயில்ல போறப்பகூட நாங்க அதான் பேசிக்கிட்டோம். நாலுக்குள்ள வரணும்னுதான் இவ்வளவு அடிக்கிறாங்க, இல்லன்னா இவங்க இப்படி ஆடுற ஆளுங்க இல்லன்னு. ஃபைனல் ஆடினீங்களா?"

"எங்கள எடுக்கலப்பா."

அவன் கை மெஷினுக்கு மேல் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் தன் கூடையை முன்னால் தள்ளினார்.

"எடுக்கலயா?" என்றான். "அப்போ எதுக்கு மிஸ் பன்னெண்டு?"